தொழிற்பயிற்சிக்கு அரசு செலவிடக் கேட்கிறோம்: வடசென்னையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னைப் பிள்ளைகளின் தொழிற்பயிற்சிக்கு அரசு இன்னும் கூடுதலாகவும் இன்னும் சரியாகவும் செலவு செய்ய வேண்டும் என்று கேட்டு வரும் சிறிய தன்னார்வ அமைப்பு எங்களுடையது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கம் கூட்டம் போடும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், அரசிடம் என்னதான் கேட்கிறீர்கள்?

பயிற்சிக்குப் போகிற பிள்ளை அந்த நாட்களில் சம்பாதிக்காமல் விடுகிற கூலியையும் பயிற்சிச் செலவாகவே கணக்கில் எடுங்கள் என்று கேட்கிறோம். மற்ற கோரிக்கைகள் எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம். அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) படிப்பு இலவசம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு; சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நல்ல திட்டங்கள், மனதாரச் சொல்கிறோம். ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் மாதம் 1,750 ரூபாய்தான். கன்டெய்னர் யார்டிலோ, கொத்தவால்சாவடி பக்கம் ஒரு குடோனிலோ மூட்டை தூக்கப் போகிற பையன் இந்தத் தொகையைச் சில நாளிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவான். அப்பா குடித்தோ நோயிலோ படுத்துவிட்ட வீட்டில், தங்கச்சி பள்ளிக்கூடம் போகிற வீட்டில், இரண்டு வருஷம் ஃபிட்டர் படிக்கிறேன் என்று அவனால் சொல்ல முடியாது. அவனுக்கு ஆர்வம் இல்லை என்று மற்றவர்கள் சொல்லும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. அவனுக்கு ஆர்வம் இருக்கிறது. வீட்டில் அரிசி இல்லை.

கடன் வாங்கித் தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த 1,000 ரூபாயும் கிடையாது. இரண்டு மூன்று மாதக் குறுகிய காலப் பயிற்சிகள் பலவற்றில் உதவித்தொகையே கிடையாது.

ஏன் வடசென்னைக்கென்று தனியாகக் கேட்க வேண்டும்? எல்லா ஊரிலும் ஏழைகள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். அவர்களுக்கும் கிடைக்கட்டும். ஆனால் இந்தப் பகுதியின் கதை வேறு மாதிரி.

வடசென்னை ஒரு காலத்தில் வேலை கற்றுக்கொடுத்த இடம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) நெசவு மில் தொழிலாளர்களை வைத்துத்தான் பெரம்பூர் பக்கம் தொடங்கியது. அந்த மில்லில் அப்பா, மாமா, பிள்ளை என்று தலைமுறையாக வேலை பார்த்தார்கள். உள்ளே நுழைந்த பையனுக்கு மூத்தவர்கள் தறியைக் கற்றுக்கொடுத்தார்கள். 1996-இல் மில் மூடப்பட்டது. மில்லோடு சேர்ந்து அந்தப் பயிற்சியும் போய்விட்டது.

துறைமுகமும் அப்படித்தான். கன்டெய்னர் வந்த பிறகு மூட்டைத் தூக்கும் வேலை சுருங்கியது. நிலக்கரித் தூசியால் ராயபுரம் மக்கள் மூச்சுவிட முடியாமல் தவித்த பிறகு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011-இல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் எண்ணூர் துறைமுகத்துக்கு மாறின. அது சரியான முடிவுதான், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணூரில் அந்த வேலையைக் கன்வேயர் பெல்ட் செய்கிறது. பெல்ட்டைப் பராமரிக்க எலக்ட்ரீஷியன் வேண்டும், மெக்கானிக் வேண்டும். நம் தெருவில் இருந்த லோடுமேனின் மகன் அந்த மெக்கானிக் ஆவதற்கு யார் வழி போட்டார்கள்?

மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், எண்ணூரில் லாரித் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும், பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃபும் இருக்கின்றன. இவ்வளவு தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழும் பிள்ளைகளில் பலர் இன்று டெலிவரி பையோடு பைக்கில் சுற்றுகிறார்கள், இல்லாவிட்டால் கான்ட்ராக்டரிடம் ஹெல்ப்பராக நிற்கிறார்கள். புகையையும் சாம்பலையும் பல பத்தாண்டுகளாகச் சுவாசித்த மக்கள், அந்தத் தொழிற்சாலைக்குள் திறமையுள்ள தொழிலாளியாகப் போக உரிமை உள்ளவர்கள் என்று நினைக்கிறோம்.

அரசு ஏற்கெனவே நிறைய செய்கிறதே? நான் முதல்வன் இருக்கிறது, ஐடிஐகளைப் புதுப்பிக்கிறார்கள்…

ஆமாம். மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நவீனப்படுத்தினார்கள். ரோபோ, சிஎன்சி இயந்திரம், மின்சார வாகனம் என்று புதிய பாடங்கள் வந்தன. மத்திய அரசும் நாடு முழுக்க 1,000 அரசு ஐடிஐகளை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025-இல் ஒப்புதல் தந்தது. அதில் மத்திய அரசின் பங்கு 30,000 கோடி, மாநிலங்களின் பங்கு 20,000 கோடி, தொழில் நிறுவனங்களின் பங்கு 10,000 கோடி. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் தொடங்கி வைக்கப்பட்டது.

இதையெல்லாம் குறைத்துப் பேசுவது எங்கள் வேலை இல்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், இந்தப் பணத்தில் பெரும்பகுதி கட்டிடமாகவும் இயந்திரமாகவும் ஆகிறது. திறப்பு விழாவில் காட்டக்கூடியவை அவைதான். இயந்திரத்தை ஓட்டிக் காட்டும் பயிற்றுநர் பணியிடம் காலியாக இருந்தால் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொம்மைதான். அதன் முன்னால் நிற்க வேண்டிய பையன் குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். கட்டிடத்துக்குப் போகிற ஒவ்வொரு ரூபாயோடும் பயிற்றுநர் சம்பளத்துக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் ஒரு பங்கு கட்டாயமாகச் சேர வேண்டும். எங்கள் மனுக்களில் இது எப்போதும் இருக்கும்.

நீங்களே ஒரு சென்டர் வைத்துக் கற்றுக்கொடுக்கலாமே? மனு எழுதும் நேரத்தில் நாலு பேருக்குத் தையல் சொல்லித்தரலாமே?

தையலும் டேலி கணக்கு மென்பொருளும் சொல்லித்தரும் அமைப்புகள் இங்கே பல இருக்கின்றன, அவர்களை மதிக்கிறோம். ஆனால் ஒரு வெல்டிங் ஒர்க்‌ஷாப் நடத்த இடம், மூன்று பேஸ் மின்சாரம், கம்பி, வாயு, பாதுகாப்புக் கவசம், தகுதியுள்ள பயிற்றுநர் எல்லாம் வேண்டும். நன்கொடையை நம்பி அதை வருஷக்கணக்கில் ஓட்ட முடியாது; நன்கொடை நின்ற வருஷம் பேட்ச் பாதியில் நிற்கும். அதைவிட முக்கியமாக, கம்பெனிகளைச் சட்டப்படி அப்ரண்டிஸ் (வேலையிடத்திலேயே தொழில் பழகுபவர்) எடுக்க வைக்கும் அதிகாரம் எந்தத் தன்னார்வ அமைப்புக்கும் இல்லை. அது அரசிடம் மட்டும்தான் இருக்கிறது.

கம்பெனிகளே பயிற்சி தரட்டும். ஆதாயம் அவர்களுக்குத்தானே?

பாதி சரி. பெரிய கம்பெனி தரலாம், தர வேண்டும். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி, கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில், அவர்களுக்குக் கம்பெனி தரும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது. ஐசிஎஃப் அண்மை ஆண்டுகளில் ஒரே அறிவிப்பில் ஆயிரம் அப்ரண்டிஸ் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறது. ஆகவே வழி இருக்கிறது. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகளில் யார் எத்தனை அப்ரண்டிஸ் எடுத்தார்கள், அதில் எத்தனை பேர் உள்ளூர்ப் பிள்ளைகள் என்ற பட்டியலை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்கிறோம். வெளியிட்டாலே பாதி மாற்றம் வரும்.

மறுபாதி சிறிய பட்டறைகள். வியாசர்பாடி தொழிற்பேட்டையில் ஆறேழு பேரை வைத்து லேத் ஓட்டுகிற முதலாளி ஒரு பையனுக்கு ஒரு வருஷம் சொல்லிக்கொடுப்பார். அவன் கை தேர்ந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள் என்று போய்விடுவான். போவது அவன் உரிமை. ஆனால் அந்த முதலாளி அடுத்த பையனை எடுக்க யோசிப்பார். கற்றுக்கொடுத்தவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர் என்று ஆகிற இடத்தில் தனியார் தயங்குவது இயல்பு. பொதுப்பணம் அங்கேதான் வர வேண்டும்.

அரசைக் கேட்பது அரசியல் இல்லையா? உங்கள் பதிவு ரத்தாகாதா?

கட்சிக்கு ஓட்டுக் கேட்டால், கட்சிக்குப் பணம் கொடுத்தால் பிரச்சினை வரும். நாங்கள் அதைச் செய்வதில்லை. எல்லாக் கட்சி எம்எல்ஏக்களிடமும் ஒரே மனுவைத்தான் கொடுக்கிறோம். வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளுக்கு எஃப்சிஆர்ஏ சட்டம் கூடுதல் கட்டுப்பாடு வைக்கிறது. ஆனாலும் கட்சி நோக்கம் இல்லாமல் பொதுக் கோரிக்கைக்காகப் போராடுவதாலேயே ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்திவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் இன்சாஃப் வழக்கில் சொல்லியிருக்கிறது. மனு கொடுப்பது, பட்ஜெட்டைப் படித்துக் கேள்வி கேட்பது எல்லாம் குடிமக்களின் சாதாரண உரிமை.

எங்கள் ஏரியா பெயரைச் சொன்னாலே இன்டர்வியூவில் முகம் மாறுகிறது. பயிற்சி எடுத்து என்ன பயன்?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்கிறார்கள், பெரும்பாலும் மெதுவான குரலில். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று விண்ணப்பத்தில் எழுதத் தயங்கி, அண்ணா நகரில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைப் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சினிமாவும் செய்தியும் சேர்ந்து எங்கள் தெருக்களுக்குப் பூசிய சாயம் அது. பயிற்சி மட்டும் இதை மாற்றாது, உண்மைதான்.

அதனால் அரசு நிதியில் நடக்கும் பயிற்சிகளில் இரண்டு மாற்றங்களைக் கேட்கிறோம். அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள், மெட்ரோ வேலை எடுத்தவர்களும் அடக்கம், அந்த வேலை நடக்கும் பகுதியின் ஐடிஐ பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட இடங்களை ஒதுக்க வேண்டும் என்பதை டெண்டரிலேயே எழுத வேண்டும். இரண்டாவது, வேலை மறுக்கப்பட்டால் புகார் சொல்ல ஓர் அலுவலர் இருக்க வேண்டும், அவர் பெயரும் போன் நம்பரும் சென்டர் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். கால்வாய் ஓரங்களிலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று நகரின் மறுகோடிக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் பயிற்சியைப் பாதியில் விட்ட பிள்ளைகள் உண்டு. குடியிருப்பை மாற்றுகிற துறையும் பயிற்சி தருகிற துறையும் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

பெண்கள் வரலாமா? எனக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள்.

கட்டாயம் வாருங்கள் அக்கா. அரசு ஐடிஐயில் ஆண்களுக்கு 40 வயது வரை என்று வரம்பு உண்டு, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. காலை வகுப்பு தொடங்கும் நேரமும் தண்ணீர் பிடிக்கும் நேரமும் மோதுகின்றன. காசிமேட்டில் விடியற்காலை மீன் எடுத்து விற்கும் பெண்ணுக்கு மதியத்துக்கு மேல்தான் ஓய்வு. குழந்தையை விட இடம் இல்லை. பயிற்சி வளாகத்திலேயே குழந்தைகள் காப்பகமும் மாலை நேர வகுப்பும் வேண்டும் என்று கேட்கிறோம். பெண்கள் என்றதும் தையலும் அழகுக்கலையும் மட்டும் என்று நிறுத்திவிடாமல் எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், கிரேன் இயக்குவது போன்ற வேலைகளுக்கும் சேர்க்க வேண்டும். சம்பளம் அங்கேதான் இருக்கிறது.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். எனக்கு இடம் உண்டா?

உண்டு. வெல்டர், ஒயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும்; ஃபிட்டர், எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். எட்டாவது முடித்து இரண்டு ஆண்டு ஐடிஐ படித்தவர் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளையும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

சர்டிபிகேட் மட்டும் கொடுத்துவிட்டு மூடிப்போகும் சென்டர்களை என்ன செய்வது?

நாங்களும் பார்த்திருக்கிறோம். பெயர், ஆதார், போட்டோ வாங்கிக்கொள்வார்கள். கொஞ்ச நாள் வகுப்பு நடக்கும். பிளேஸ்மென்ட் என்று தொலைவில் ஒரு கம்பெனியில் சேர்த்துவிடுவார்கள். அங்கே தங்குமிட வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவது சொற்பம் என்பதால் பிள்ளை அடுத்த மாதமே ஊர் திரும்பிவிடும். கணக்கில் மட்டும் அவன் 'வேலை பெற்றவன்'.

எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்குச் சான்று தந்தார்கள் என்று எண்ணுவதை முதன்மை அளவாக வைத்தால் இதுதான் நடக்கும். ஒரு வருஷம் கழித்து அதே தொழிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன சம்பளம், பிஎஃப் பிடிக்கிறார்களா என்று எண்ணட்டும். சென்டருக்குத் தரும் கடைசித் தவணைப் பணத்தை அந்த எண்ணிக்கையோடு இணைக்கட்டும்.

பணத்துக்கு அரசு எங்கே போகும்?

புதிய வரி எதுவும் கேட்கவில்லை. கட்டிடம் கட்டுபவர்களிடம் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவரியாக வசூலிக்கப்படுகிறது. அது தொழிலாளர் நலனுக்கான பணம், அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பயிற்சி தருவது அதன் நோக்கத்துக்குள் வரும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான நிதி வேறு பக்கம் திரும்பாமல் இருக்க 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. வடசென்னையில் அந்த நிதியில் உதவித்தொகையை உயர்த்த முடியும். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும் என்ற சட்டத்தில் தொழில்திறன் பயிற்சியும் ஒரு தலைப்பு. மணலி, எண்ணூர் ஆலைகளின் அந்தப் பணம் மணலி, எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு முதலில் வரட்டும்.

சரி, யாரிடம், எப்போது கேட்பது?

பெரும்பாலானோர் பட்ஜெட் வாசித்த பிறகு குரல் எழுப்புகிறார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்குத் துறைகள் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஆகவே தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைக்கும், கிண்டியில் உள்ள வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கும் மழைக்காலத்திலேயே மனு போய்ச் சேர வேண்டும். பட்ஜெட்டுக்குப் பிறகு சட்டசபையில் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் ஒப்புதல் கேட்கும் விவாதம், நடக்கும். அப்போது வெளியாகும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்து, நம் எம்எல்ஏவிடம் இரண்டே இரண்டு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நீளமான மனுவை யாரும் சபையில் வாசிக்க மாட்டார்கள். சின்னக் கேள்வியைக் கேட்பார்கள்.

உள்ளூரில் வார்டின் ஏரியா சபை இருக்கிறது. மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளுக்கு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைக்குப் போகலாம். தேர்தல் நேரத்தில் கட்சிகளின் அறிக்கைக் குழுக்கள் மனு வாங்கும். எல்லாக் குழுவுக்கும் கொடுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்கலாம்?

பத்து ரூபாய்க் கட்டணம், பதில் தர 30 நாள் கெடு. வராவிட்டால் மேல்முறையீடு. நம் பகுதி ஐடிஐயில் அனுமதிக்கப்பட்ட பயிற்றுநர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை. கடந்த மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர், இடைநின்றவர், முடித்தவர் எத்தனை. ஒதுக்கிய தொகையில் செலவானது எவ்வளவு. இந்த மூன்றும் போதும். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தில் இருக்கும் எண்ணைக் கேளுங்கள்.

இவ்வளவு கேட்டும் கிடைக்குமா?

நேரம் எடுக்கும். கட்டுமானத் தொழிலாளர்களைப் பாருங்கள். சங்கங்கள் வருஷக்கணக்கில் கேட்டு, தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது. நல வாரியம் அமைந்தது 1994-இல். மத்தியச் சட்டம் 1996-இல். சித்தாள் வேலை செய்த பெண்கள் பஸ் ஏறிக் கோட்டைக்குப் போய்ப் போய்த்தான் அது நடந்தது. நம் பிள்ளைகளின் உதவித்தொகை அதைவிடச் சின்னக் கோரிக்கை.

கூட்டத்துக்கு வர விரும்புகிறேன். என்ன கொண்டு வர வேண்டும்?

கட்டணம் எதுவும் இல்லை, உறுப்பினர் ஆக வேண்டியதும் இல்லை. ஒரு தாளில் உங்கள் வீட்டுக் கணக்கை எழுதி வாருங்கள்: பயிற்சிக்குப் போக நினைக்கும் பிள்ளை இப்போது ஒரு நாளைக்கு எவ்வளவு கொண்டு வருகிறது, மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, அந்தப் பணத்தில் வாடகை எவ்வளவு, வட்டி எவ்வளவு. பெயர் எழுத வேண்டாம், தெருப் பெயர் போதும். அந்தக் கணக்குகளைச் சேர்த்துத்தான் உதவித்தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்று துறையிடம் சொல்லப் போகிறோம்.